கணக்குப் புத்தகம் யார் கையில்?

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வெளியூரில் போய் “தஞ்சோங் ரம்புத்தான்” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 1911-இல் இங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை, நம் ஊர்ப் பெயரை நாடு முழுக்க ஒரு கேலிச் சொல்லாக்கிவிட்டது. ஊரே கைப்பேசியைக் கொண்டாடும் காலத்தில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றிச் சந்தேகமாக நாலு வார்த்தை பேசப்போகிறோம் என்றதும், “ஊர்ப் பெயரைக் காப்பாற்றிவிட்டீர்கள்” என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். கிண்டல் இருக்கட்டும். பேச வேண்டிய அவசியம் வந்திருக்கிறது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். சங்கத்துக்கு இலவசமாக ஒரு செயலி செய்து தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. உறுப்பினர் பதிவேடு, மரண சகாய நிதிச் சந்தா, மதரஸாப் பிள்ளைகளின் வருகைப் பதிவு எல்லாம் அதற்குள் போய்விடும். வீடு வீடாகச் சந்தா வாங்க அலைய வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகம் தேவையில்லை. “நீங்கள் படித்த பிள்ளைகள், இதைப் பற்றிப் பேசுங்கள்” என்று செயலாளர் எங்களிடம் சொன்னார். அதனால்தான் இங்கே நிற்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்ல. ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கிவிட்டு அத்தாவின் கடைக்கே திரும்பி வந்தவர்கள் நாங்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எங்கள் மளிகைக் கடையைக் காப்பாற்றியது வாட்ஸ்அப்தான். அரிசி, பருப்பு, மசாலாத் தூள் என்று சனங்கள் குரல் பதிவு அனுப்புவார்கள். மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு வருவோம். இன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை மாட்டாத கடை நம் ஊரில் எத்தனை? வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கடைக்காரன் ஒரு சரக்கை வாங்குமுன் புரட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எடை போட்டுப் பார்ப்பானே, அந்தப் பழக்கத்தை இந்தச் சரக்கிலும் விட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்ல வந்திருக்கிறோம்.

பெரியவர்களுக்கு 555 புத்தகம் நினைவிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் குறிப்பேடு. தோட்டப்புறத்திலிருந்து சாமான் வாங்க வருவார்கள். சம்பளம் போட்டதும் கொடுப்பார்கள். அதுவரை அந்தப் புத்தகத்தில் எழுதிவைப்போம். எங்கள் அத்தா இரண்டு புத்தகம் வைப்பார். ஒன்று கடையில், ஒன்று வாங்குகிறவர் கையில். ஒரே நேரத்தில் இரண்டிலும் எழுதுவார். “இரண்டு எதற்கு அத்தா, ஒன்று போதாதா?” என்று சின்ன வயதில் கேட்டதுண்டு. “புத்தகம் ஒருத்தன் கையில் மட்டும் இருந்தால் நியாயமும் அவன் கையில் மட்டும்தான் இருக்கும்” என்றார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை ஆலிம்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எழுதுவதும் சாட்சி வைப்பதும் நம்பிக்கைக் குறைவு அல்ல. நம்பிக்கை கெடாமல் காக்கிற வழி அது.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும் செய்திகளைப் படித்துப் பாருங்கள்.

முதலில் இலவசம் என்கிற சொல். நம் வீட்டுக் கல்யாணப் படம், பிள்ளைக்குப் பெயர் வைத்த படம், ஹஜ்ஜுக்கு வழியனுப்பிய படம் எல்லாம் கூகுள் போட்டோஸில் கிடக்கின்றன. எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாமும் பல ஆண்டு கொண்டுபோய்க் கொட்டினோம். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. அதன் பிறகு ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிகாபைட் இலவச இடத்துக்குள் அடங்க வேண்டும். மீறினால் காசு கட்ட வேண்டும். இதில் ஏமாற்று இல்லை. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனால் படத்தை எல்லாம் அங்கே வைத்துவிட்ட குடும்பம் என்ன செய்யும்? வேறு இடம் தேடிப் போக நேரமும் இல்லை, வழியும் தெரியாது. மாதக் காசு கட்டுகிறது.

அடுத்தது மலிவு. 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்ஸி என்று தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய கிராப். 2014-இல் அமெரிக்காவின் ஊபரும் வந்தது. இரண்டும் போட்டி போட்ட ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தது என்று ஈப்போவில் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். பேருந்துக்குக் காத்திருப்பதைவிட நாலு பேர் சேர்ந்து காரில் போவது லாபம். 2018 மார்ச் 26-இல் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டு அந்த நிறுவனத்தில் 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. அடுத்த மாதமே நம் நாட்டில் ஊபர் செயலி நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் போட்டி ஆணையம் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி தண்டம் விதித்தது. நம் நாட்டின் போட்டி ஆணையமும் 2019 அக்டோபரில், ஓட்டுநர்கள்மீது போட்ட சில நிபந்தனைகளுக்காக கிராப்பின்மேல் 8 கோடியே 67 லட்சம் வெள்ளிக்கு மேல் தண்டம் விதிக்க உத்தேசித்திருப்பதாக அறிவித்தது. அது உத்தேச முடிவுதான். நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. அந்த வழக்கின் நியாயத்தை இங்கே பேச வேண்டாம். கடைக்காரர்களான நமக்கு அதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். நஷ்டத்துக்கு விற்கிறவன் தர்மம் செய்யவில்லை. பக்கத்துக் கடை மூடும்வரை பொறுத்திருக்கிறான்.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறோம். பெயர் வேண்டாம், பெரிய விற்பனைத் தளம் ஒன்று. எங்கள் கடையில் அரைக்கும் மீன் கறித் தூளையும் இறைச்சி மசாலாவையும் அதில் விற்கத் தொடங்கினோம். முதலில் கழிவு மிகக் குறைவு. அனுப்புகிற செலவிலும் ஒரு பங்கை அவர்களே ஏற்றார்கள். ஜொகூரிலிருந்து சபா வரை ஆர்டர் வந்தது. சந்தோஷத்தில் கடையின் பின்பக்கம் இன்னொரு மேசை போட்டு ஆளும் வைத்தோம். பிறகு கழிவு கூடியது. அப்புறம் ஒரு சேவைக் கட்டணம் வந்தது. விளம்பரத்துக்குக் காசு கட்டாவிட்டால் எங்கள் சரக்கு தேடுகிறவர் கண்ணிலேயே படாத நிலை வந்தது. ஒரு நாள் காரணம் சொல்லாமல் கணக்கை ஒன்பது நாள் முடக்கினார்கள். யாரிடம் கேட்பது? ஃபோன் எண் இல்லை, அலுவலகம் இல்லை. கேள்விக்குப் பதில் சொன்னது ஓர் எந்திரம். அதுவும் நாங்கள் கேட்காத கேள்விக்கு.

அதைவிட வலித்தது வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை பொருள் அனுப்பியிருந்தோம். அவ்வளவு பேரில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. பெயரில் பாதியை மறைத்துத்தான் காட்டுவார்கள், ஃபோன் எண்ணும் அப்படித்தான். தளத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு வாடிக்கையாளரைக்கூட அழைத்து “நாங்கள் இன்னும் இருக்கிறோம்” என்று சொல்ல முடியாது. அத்தா விட்டுப்போன 555 புத்தகங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. அதில் உள்ள குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கடைக்கு வருகிறார்கள். எங்களுடைய ஆயிரம் விற்பனையில் எங்களுக்கென்று எழுதிவைத்த புத்தகம் இல்லை. புத்தகம் அவர்கள் கையில்.

இதெல்லாம் வியாபாரம், லாபமும் நஷ்டமும் இருக்கத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, வியாபாரத்தை விடுவோம். தொழுகைக்கு வருவோம்.

‘முஸ்லிம் புரோ’ என்ற செயலி இந்த மண்டபத்தில் பாதிப் பேர் கைப்பேசியில் இருந்திருக்கும். தொழுகை நேரம், பாங்கு, கிப்லா திசை, குர்ஆன் எல்லாம் அதில் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த பிட்ஸ்மீடியா என்ற நிறுவனம் 2010-இல் வெளியிட்டது. உலகம் முழுக்க 9 கோடி 80 லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் ‘மதர்போர்ட்’ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. இந்தச் செயலியிலிருந்து பயனர்கள் இருக்கும் இடத்தின் விவரம் எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்குப் போகிறது, அந்த நிறுவனத்திடமிருந்து வாங்குவோரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனங்களும் உண்டு என்பது செய்தி. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர்களுக்குத் தரவு விற்பதை எக்ஸ்-மோட் தம் அலுவலகத்திடம் ஒப்புக்கொண்டதாக அந்நாட்டு செனட்டர் ரான் வைடன் தெரிவித்தார்.

அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ராணுவத்துக்கு விற்றோம் என்பது பொய் என்று முஸ்லிம் புரோ மறுத்தது. எக்ஸ்-மோட் உள்பட எல்லாத் தரவுக் கூட்டாளிகளுடனும் உறவை உடனே முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. 2020 டிசம்பரில் ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட்டின் நிரல் துண்டை எல்லாச் செயலிகளிலிருந்தும் நீக்கச் சொல்லின. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போய் வருகிறவர்களின் விவரத்தை அந்த நிறுவனம் விற்கக் கூடாது என்று தடை போட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதை எளிதாகச் சொல்கிறோம். செயலி செய்கிறவர்கள் எல்லா வேலையையும் தாங்களே செய்வதில்லை. பிறர் எழுதிய நிரல் துண்டுகளை வாங்கித் தங்கள் செயலிக்குள் செருகுவார்கள். விளம்பரம் காட்ட ஒன்று, வரைபடம் காட்ட ஒன்று. அப்படிச் செருகும் துண்டுகளில் ஒன்று, நீங்கள் நிற்கும் இடத்தைக் குறித்து இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்காகச் செயலிக்காரருக்குக் காசு வரும். நீங்கள் பாங்குக்காக “அனுமதி” என்று அழுத்திய ஒரே பொத்தான் இரண்டு வேலைக்கும் போதும். எக்ஸ்-மோட் என்ற பெயரை நம்மில் யார் கேள்விப்பட்டிருந்தோம்? யார் அதற்குச் சம்மதம் கொடுத்தோம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். தொழுகை நேரத்துக்கு நீங்கள் நிற்கும் சந்து தெரிய வேண்டுமா? ஜாக்கிம் வெளியிடும் நேர அட்டவணையில் ஈப்போ, பத்து காஜா, கம்பார், சுங்கை சிப்புட், குவாலா கங்சார் எல்லாம் ஒரே மண்டலம். மண்டலத்தின் பெயரைத் தொட்டால் போதும், நேரம் வந்துவிடும். கிப்லாவும் அப்படித்தான். மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த அந்தத் திசை, தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ போய்ச் சேர்வதற்குள் மாறிவிடப் போவதில்லை. வேலைக்குத் தேவை ஒரு பிடி, கேட்டு வாங்கியது ஒரு மூட்டை. தராசில் கூடுதலாக அள்ளுகிறவனைக் கடையில் விடுவோமா? அந்தக் கூடுதல் மூட்டை எங்கே போகிறது என்பதுதான் நம் கேள்வி.

“நம்மைப் பார்த்து யார் என்ன செய்யப் போகிறார்கள்? நாம் சாதாரண சனங்கள்” என்று அம்மாமார் சொல்வது காதில் விழுகிறது. 2017 அக்டோபரில் நம் நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 4 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்து விலைக்கு வந்தது தெரிய வந்தது. அன்று நம் நாட்டு மக்கள் தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண் எல்லாம் போயின. அன்றிலிருந்து நமக்கு வரும் ஃபோன் அழைப்புகளைப் பாருங்கள். “வங்கியிலிருந்து பேசுகிறோம்”, “போலீஸிலிருந்து பேசுகிறோம்” என்கிறார்கள். நம் பெயரையும் கார்டு எண்ணையும் அவர்களே சொல்கிறார்கள். அதனால்தான் நம்பிவிடுகிறோம். நம் உறுப்பினர்களிலேயே ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசை இப்படி இழந்தவர் உண்டு. பெயர் சொல்லி அவர் வெட்கத்தைக் கூட்ட விரும்பவில்லை. அவர் முட்டாள் அல்ல. அழைத்தவன் கையில் அவருடைய விவரங்கள் இருந்தன, அவ்வளவுதான். அப்படிக் காசு போனால் யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குக் காசை மடக்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு வகைச் செய்தியும் இருக்கிறது. அது முதலீட்டுச் செய்தி. 2024 மே 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நம் நாட்டில் 220 கோடி அமெரிக்க டாலர் போடப்போவதாக அறிவித்தது. மாதம் முடிவதற்குள் கூகுள் 200 கோடி டாலர் என்றது. ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழுகின்றன. தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி இரவும் பகலும் ஓடவிடும் கட்டடம். அதற்கு மின்சாரம் வேண்டும், சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் தண்ணீரும் வேண்டும். வருகிற விண்ணப்பங்களை ஆராய்வதற்கென்றே ஜொகூர் மாநில அரசு 2024-இல் ஒரு குழு அமைத்தது என்றால் காரணம் இருக்கத்தானே செய்யும்?

பேராக்காரர்களுக்குப் பெரிய முதலீடு புதிதல்ல. கிந்தாப் பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண். ஈயலம்பத்தில் வேலை செய்தவர்கள், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள், சாமான் விற்றவர்கள் நம் பாட்டன்மார். விலையை முடிவு செய்த இடம் மட்டும் இங்கே இல்லை. 1985 அக்டோபர் 24-இல் லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. விலை விழுந்தது. கம்பாரிலும் பத்து காஜாவிலும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. லண்டனில் ஒரு மணி அடித்ததற்கு இங்கே எத்தனை கடைகளில் கடன் புத்தகம் வராக்கடன் ஆனது என்று பெரியவர்களுக்குத் தெரியும். மிஞ்சியவை குட்டைகள்.

நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் உண்டு. 1972-இல் இண்டல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. அதன் பின் பாயான் லெப்பாஸில் வந்த மின்னியல் தொழிற்சாலைகள் ஏராளமான குடும்பங்களைக் கரையேற்றின. ஆகவே வெளிநாட்டு நிறுவனம் என்றாலே கெடுதல் என்பது எங்கள் கட்சி இல்லை. செய்தியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் மூன்று கேள்வி கேட்கலாம். கட்டி முடித்த பிறகு எத்தனை பேருக்கு வேலை? தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? அவர்கள் போன பிறகு ஊரில் எது மிஞ்சும்? தொழிற்சாலையானாலும் தரவு மையமானாலும் இதே கேள்விகள்தான்.

இனி நம் சங்கத்து விஷயத்துக்கு வருகிறோம்.

சங்கப் பதிவேட்டில் இருப்பது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. யார் வீட்டில் எத்தனை பேர், யார் விதவை, யாருக்கு ஜகாத் போகிறது, யார் சந்தா கட்ட முடியாமல் நிலுவையில் இருக்கிறார், எந்தப் பிள்ளை எந்த மதரஸா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஜகாத் வாங்குகிறவர் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்தை மட்டும் தனிப் புத்தகமாக வைத்த செயலாளர்கள் இந்தச் சங்கத்தில் இருந்திருக்கிறார்கள். ஜனாஸா விழுந்த வீட்டிலிருந்து நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால், பதிவேட்டைத் திறந்து பார்த்து, கபன் துணியிலிருந்து கபுரு வெட்டும் காசு வரை விடிவதற்குள் ஏற்பாடு செய்தார்கள். நிலுவை இருந்தாலும் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவைத்தார்கள். அந்தப் பதிவேடு ஓர் அமானிதம். ஐம்பது ஆண்டு காத்த அமானிதத்தை இலவசம் என்ற ஒரு சொல்லுக்காக யாரிடமும் கைமாற்றிவிட முடியாது.

அதற்காகப் பழைய புத்தகமே போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒரு முறை மழைநீர் புகுந்து சில பதிவேடுகள் ஊறிப்போனதை எல்லாரும் அறிவோம். வீடு வீடாக நடந்து சந்தா வாங்கிய பெரியவர்களுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இளையவர்கள் நேரில் வந்து கட்டுவதில்லை. செயலி வரட்டும். ஆனால் செயலவை இந்த ஐந்தையும் எழுத்தில் வாங்கிய பிறகு வரட்டும்.

முதலாவது, மூலப் பதிவேடு சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை முழு விவரத்தையும் நாம் இறக்கி எடுத்து, அச்சிட்டு, பெட்டியில் பூட்ட முடிய வேண்டும். வேண்டாம் என்று நாம் விலகினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வழி வேண்டும். அத்தாவின் இரண்டாவது 555 புத்தகம் இதுதான்.

இரண்டாவது, வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். சந்தா கட்டப் பெயரும் உறுப்பினர் எண்ணும் போதும். அடையாளக் கார்டைப் படம் எடுத்து ஏற்றச் சொல்வது எதற்கு? இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்பது எதற்கு? மதரஸாப் பிள்ளைகளின் முகப்படம் எதற்கு? ஜகாத் பக்கம் எந்தச் செயலிக்குள்ளும் போகவே கூடாது.

மூன்றாவது, உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேட்க வேண்டும். நல்ல வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். விளம்பரம் என்றால் என்ன விளம்பரம்? தொழுகை நினைவூட்டலுக்குக் கீழே வட்டிக் கடன் விளம்பரம் வந்தால் யார் பொறுப்பு? எங்கள் யோசனை, இலவசத்தை விட்டுவிட்டு நியாயமான கட்டணம் பேசிக் கொடுப்பது. ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு தே தாரே காசு ஆகும். காசு கொடுத்தால் நாம் வாடிக்கையாளர். கொடுக்காவிட்டால் நாம்தான் சரக்கு.

நான்காவது, அந்த நிறுவனம் நாளை மூடினாலோ வேறொருவருக்கு விற்றாலோ நம் விவரங்கள் என்ன ஆகும் என்று எழுதித் தர வேண்டும். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். விவரம் கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் நமக்குத் துணை. ஆனால் கசிந்த பிறகு வரும் சட்டத்தைவிடக் கசியாமல் வைக்கும் ஒப்பந்தம் மேல்.

ஐந்தாவது, கைப்பேசி இல்லாதவர் ஒருவரும் விடுபடக் கூடாது. நம் ஊரில் இன்னும் பொத்தான் வைத்த பழைய ஃபோனோடு இருக்கும் நன்னிமார் இருக்கிறார்கள். கையில் காசு கொண்டுவந்து கொடுத்து ரசீது வாங்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். “செயலியில் உங்கள் பெயர் காட்டவில்லை” என்ற பதிலை ஜனாஸா வீட்டில் யாரும் கேட்கும் நிலை வரவே கூடாது.

இந்த ஐந்துக்கும் அந்த நிறுவனம் சம்மதித்தால் நாங்களே முன்னின்று வேலை செய்கிறோம். வீடு வீடாக வந்து பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் நல்லதே. எதை நம்பி அவர்கள் இலவசம் என்றார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். எங்களில் கணினி தெரிந்த நாலு பேர் சேர்ந்து, சங்கத்துக்குச் சொந்தமான ஒரு கணினியில் எளிமையான கணக்குப் பதிவை அமைத்துத் தருகிறோம். பளபளப்பு இருக்காது. சாவி இரண்டு பேர் கையில் இருக்கும்.

வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கைப்பேசியைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு இருக்கும் இடத்தை அறிய அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். தேவையில்லாததை நிறுத்துங்கள். அடையாளக் கார்டுப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளிடம் செய்து தரச் சொன்னால் ஐந்து நிமிடம்தான். அந்தச் சாக்கில் அவர்களும் பெரியவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பெரியவர்களே, இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது உங்களிடம் கட்டடம் இல்லை, காசு இல்லை. ஒரு பதிவேடும் ஒரு பேனாவும் இருந்தன என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பதிவேட்டை நம்பித்தான் சனங்கள் தங்கள் காசையும் தங்கள் மையித்தையும் உங்களிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அந்தப் பொறுப்பு எங்கள் தலைமுறைக்கு வருகிறது. பேனா மாறலாம். புத்தகம் நம் கையில் இருக்க வேண்டும்.